உமரிக்குள் உப்பு எங்கே போகிறது?

கடல் நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்கு வயல் மண்ணின் ஈரத்தில் ஏறிவிட்டாலே போதும். நெற்பயிரின் இலை நுனி வெளுத்துக் காயும், தூர் கட்டாது, கதிரில் பதர் மிகும். அதே கடல் நீர் ஓதத்தோடு ஏறி இறங்கும் முத்துப்பேட்டைச் சேற்றில் வெண்கண்டல் மரமாக வளர்ந்து நிற்கிறது. வேதாரண்யத்து உப்பளக் கரைகளில் வேறெதுவும் முளைக்காத இடத்தில் உமரி பசுமையாகப் படர்கிறது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் கேட்டால் யாருக்கும் முதலில் தோன்றும் விடை ஒன்று உண்டு: உமரியின் உடம்பு உப்புக்குப் பழகியது, அதன் புரதங்கள் உப்பைத் தாங்கும்படி கெட்டியாக அமைந்தவை. நியாயமான ஊகம்தான். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சோதித்துப் பார்த்து, பெரும்பாலும் தவறு என்று கண்டறியப்பட்ட ஊகம். அது ஏன் தவறு என்பதைப் புரிந்துகொண்டால்தான், உவர் நிலத்துக்கு ஏற்ற பயிரை உருவாக்கும் முயற்சிகள் ஏன் இத்தனை காலம் இழுத்துக்கொண்டிருக்கின்றன என்பதும் விளங்கும்.

உப்பு செடிக்கு இரண்டு வகையில் கேடு செய்கிறது. முதலாவது நீர் தொடர்பானது. மண்ணின் ஈரத்தில் உப்பு ஏற ஏற அந்த நீரை வேர் உறிஞ்சுவது கடினமாகிறது. அடியில் தண்ணீர் நின்றாலும் செடி வறட்சியில் வாடுகிறது. இரண்டாவது கேடு மெதுவாக, உள்ளேயிருந்து வருகிறது. செல்லுக்குள் புரதங்கள் உருவாகி, நொதிகள் வேலை செய்யும் இடம் சைட்டோபிளாசம். அங்கே நிறைந்திருக்க வேண்டிய உலோக அயனி பொட்டாசியம். ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் பொட்டாசியம் இருந்தால்தான் இயங்கும். புரதத்தை நெய்யும் ரைபோசோமுக்கும் அது தேவை. சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் மின்னூட்டம் ஒன்றே. அளவில் மட்டும் சோடியம் சற்றுச் சிறியது, தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது. இந்தச் சிறு வேறுபாடு போதும். பொட்டாசியம் உட்கார வேண்டிய இடத்தில் சோடியம் வந்து உட்கார்ந்தால் அந்தப் புரதம் சரியான வடிவத்துக்கு வராது, வேலையும் நடக்காது. ஆகவே சைட்டோபிளாசத்தில் சோடியத்தின் மொத்த அளவைக் காட்டிலும், சோடியத்துக்கும் பொட்டாசியத்துக்கும் உள்ள விகிதம்தான் செடியின் உயிரைத் தீர்மானிக்கிறது.

1972-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் திமோதி ஃபிளவர்ஸ் ஓர் எளிய சோதனையைச் செய்தார். சுவேடா மாரிடிமா என்ற செடியிலிருந்தும் சாதாரணப் பட்டாணியிலிருந்தும் நொதிகளைப் பிரித்தெடுத்து, சோதனைக் குழாயில் உப்பைக் கூட்டிக்கொண்டே போய் அவற்றின் வேகத்தை அளந்தார். சுவேடா மாரிடிமா வேறெங்கோ உள்ள செடி அல்ல. தமிழகக் கரையோரத்தில் உமரி என்று சொல்லப்படும் செடிகளில் அதுவும் ஒன்று. கடல் நீரில் வளரும் உமரியின் நொதிகள், உப்புப் பட்டாலே வாடும் பட்டாணியின் நொதிகளைப் போலவே உப்பில் செயலிழந்தன. அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் கிரீன்வே, ஆஸ்மண்ட் என்ற இருவர் வேறு உவர்நிலச் செடிகளை எடுத்து, அவரைக் குடும்பத்துச் செடியோடு ஒப்பிட்டபோதும் இதே முடிவுதான் வந்தது. உப்பில் வாழும் செடியின் உள்ளே இருக்கும் புரதங்கள் உப்பைத் தாங்காதவை. அப்படியானால் அவை உப்பைச் சந்திக்காமலே காப்பாற்றப்படுகின்றன என்றுதான் கொள்ள வேண்டும்.

புரதத்தையே உப்புக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்ட உயிர்கள் உலகில் இல்லாமலில்லை. சாக்கடலில் வாழும் ஹாலோஆர்குலா மாரிஸ்மார்டுயி போன்ற நுண்ணுயிர்கள் தம் செல்லுக்குள்ளேயே கடல் நீரைவிடப் பல மடங்கு அடர்த்தியாகப் பொட்டாசியம் குளோரைடை நிரப்பி வைத்திருக்கின்றன. அவற்றின் புரதங்களின் வெளிப்பரப்பில் ஆஸ்பார்டிக் அமிலமும் குளூடாமிக் அமிலமும் மிக அதிகம். எதிர் மின்னூட்டம் கொண்ட இந்த அமினோ அமிலங்கள் நீர் மூலக்கூறுகளையும் உப்பு அயனிகளையும் தம்மைச் சுற்றிப் பிடித்து நிறுத்துவதால் அத்தனை உப்பிலும் புரதம் குலையாமல் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த நுண்ணுயிரை நல்ல தண்ணீரில் போட்டால் அதன் புரதங்கள் மடிப்பு அவிழ்ந்து அழிந்துவிடும். உப்பில்லாமல் அதற்கு வாழ்வில்லை. கடலோரச் செடிக்கு இந்த வழி ஒத்துவராது. கோடையில் உப்புப் பூக்கும் அதே நிலத்தை ஐப்பசி, கார்த்திகை மழை கழுவிவிடும். இரண்டு நிலையையும் தாங்க வேண்டிய செடி தன் ஆயிரக்கணக்கான புரதங்களை ஒருபக்கமாக மாற்றிக்கொள்ள முடியாது. சில பத்துப் புரதங்களைக் கொண்டு மற்ற அனைத்தையும் உப்பிலிருந்து பிரித்து வைப்பதே அதற்குக் கட்டுப்படியாகும் வழி.

இப்படிப் பிரித்து வைக்கும் வேலை செல்லின் சவ்வில் நடக்கிறது. வெளியே சோடியம் குவிந்திருக்க, உள்ளே குறைவாக இருக்க, உள்பக்கம் எதிர் மின்னழுத்தமும் இருப்பதால் சோடியம் தானாகவே உள்ளே பாயும். அதை வெளியே தள்ள ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலைச் செடி நேரடியாகச் செலவிடுவதில்லை. முதலில் சவ்விலுள்ள ஒரு பம்புப் புரதம் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்துப் புரோட்டான்களை வெளியே தள்ளுகிறது. வெளியே குவிந்த புரோட்டான் மறுபடி உள்ளே வரத் துடிக்கும்போது, எஸ்ஓஎஸ்1 என்ற இன்னொரு புரதம் ஒரு புரோட்டானை உள்ளே விட்டு, அதற்கு ஈடாக ஒரு சோடியத்தை வெளியேற்றுகிறது. அரிசோனாவில் ஜியன்-காங் ஜூவின் குழு 1996-இல் இந்தப் புரதத்துக்கு வழிகாட்டும் செடிகளைத் தேடத் தொடங்கிய முறை எளிமையானது. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சிறு செடியின் விதைகளில் மரபு மாற்றங்களை உண்டாக்கி, முளைத்த நாற்றுகளை உப்பு கலந்த ஊடகத்தில் தலைகீழாக நிறுத்தினார்கள். நல்ல செடியின் வேர் வளைந்து கீழ்நோக்கி வளர்ந்துவிடும். உப்பைச் சமாளிக்கும் ஏதோ ஒரு பாகம் பழுதான செடியின் வேர் வளையாமல் நின்றுவிடும். நின்றுபோன வேர்களிலிருந்துதான் எஸ்ஓஎஸ் வரிசையின் மரபணுக்கள் ஒவ்வொன்றாகக் கிடைத்தன.

அதன் பிறகு தெரியவந்த நுணுக்கங்கள், புரதங்கள் ஒன்றையொன்று எவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்துகின்றன என்பதைக் காட்டுகின்றன. எஸ்ஓஎஸ்1 புரதம் 1146 அமினோ அமிலங்கள் கொண்ட நீண்ட சங்கிலி. அதன் பின்பாதி செல்லுக்குள் தொங்குகிறது. உப்பில்லாத காலத்தில் அந்த வால் பகுதியே தன் சொந்தப் புரதத்தை அடைத்துச் செயலற்றதாக வைத்திருக்கிறது. வேர் நுனியில் உப்புப் பட்டவுடன் கால்சியத்தின் அலை ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 400 மைக்ரோமீட்டர் வேகத்தில் செல்லுக்குச் செல் பரவுகிறது. அந்தக் கால்சியத்தை எஸ்ஓஎஸ்3 என்ற புரதம் பற்றிக்கொண்டு எஸ்ஓஎஸ்2 என்ற நொதியைத் தூண்டுகிறது. எஸ்ஓஎஸ்2 போய் எஸ்ஓஎஸ்1-இன் வாலில், 1138-ஆம் இடத்தில் உள்ள செரின் அமினோ அமிலத்தில், ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அடைப்பு விலகுகிறது, சோடியம் வெளியேறத் தொடங்குகிறது. அமைதிக் காலத்தில் எஸ்ஓஎஸ்2-ஐக் கட்டி வைத்திருப்பது, பூக்கும் பருவத்தைத் தீர்மானிப்பதில் பங்குள்ள ஜைகேன்டியா என்ற புரதம் என்று 2013-இல் கண்டறிந்தார்கள். உப்பு வந்ததும் செடி ஜைகேன்டியாவைச் சிதைத்துவிடுகிறது, எஸ்ஓஎஸ்2 விடுபடுகிறது. பூப்பதா, உப்போடு போராடுவதா என்ற முடிவு இங்கே ஒரே புரதத்தின் வாழ்விலும் அழிவிலும் இணைந்திருப்பது உண்மையிலேயே வியக்கத்தக்கது.

ஆனால் அராபிடாப்சிஸ் உப்பைத் தாங்கும் செடி அல்ல. எஸ்ஓஎஸ்1 அதனிடமும் இருக்கிறது, நெல்லிடமும் இருக்கிறது. உமரிக்கு மட்டும் சொந்தமான புரதம் என்று எதையும் இதுவரை நான் விவரிக்கவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம். எனவே கேள்வி இப்போது கூர்மையாகிறது: கருவிகள் ஒன்றே என்றால் விளைவு ஏன் வேறு? இதற்கு நல்ல சான்று யூட்ரீமா என்ற செடியில் கிடைத்தது. அது அராபிடாப்சிஸின் நெருங்கிய உறவு. ஆனால் உப்பு மண்ணில் வளர்வது. உப்பு வருவதற்கு முன்பே அதன் வேரில் எஸ்ஓஎஸ்1 மிகுதியாக உருவாகி ஆயத்தமாக இருக்கிறது. அராபிடாப்சிஸ் கேடு வந்த பிறகு ஓடத் தொடங்கும் வேலையை யூட்ரீமா முன்கூட்டியே செய்து வைத்திருக்கிறது. 2009-இல் யூட்ரீமாவில் இந்த ஒரு மரபணுவை மட்டும் அடக்கிப் பார்த்தார்கள். செடி உப்பைத் தாங்கும் இயல்பையே இழந்தது. ஒரே புரதத்தின் அளவும் ஆயத்தமும் ஒரு செடியை உவர்நிலச் செடியாக வைத்திருக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று அரிது.

அளவு மட்டுமல்ல, சில இடங்களில் அமைப்பிலும் சிறு மாற்றம் உண்டு. எச்கேடி என்ற கடத்திப் புரதம் பெரும்பாலான செடிகளில் சோடியத்தைக் கடத்தும். யூட்ரீமாவிடம் உள்ள ஒரு வகை எச்கேடியில், அயனி நுழையும் துளையருகே அஸ்பராஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம் இருக்கிறது. அதனால் சோடியம் சூழ்ந்திருக்கும்போதும் அது பொட்டாசியத்தை எடுத்துக்கொள்கிறது. அராபிடாப்சிஸின் எச்கேடி புரதத்தில் 211-ஆம் இடத்தில் அதே ஒற்றை மாற்றத்தைச் செய்தபோது அந்தச் செடியின் உப்புத் தாங்கும் திறன் கூடியது. நூற்றுக்கணக்கான அமினோ அமிலங்களில் ஒன்று மாறியதால் வந்த வேறுபாடு இது. இயற்கை இங்கே புரதத்தைக் கெட்டிப்படுத்தவில்லை. எந்த அயனியை உள்ளே விடுவது என்ற தேர்வை மட்டும் திருத்தியிருக்கிறது.

வெளியேற்றுவதோடு கதை முடிவதில்லை, அதுவே முழு வழியும் அல்ல. மண் முழுக்க உப்பு என்றால் வெளியேற்றிய சோடியம் மறுபடி வந்து மோதும். மேலும் செடிக்குள் நீர் ஏற வேண்டுமானால், மண்ணின் ஈரத்தைவிட இலைச் செல்லின் சாறு அடர்த்தியாக இருந்தாக வேண்டும். அந்த அடர்த்திக்கு மிக மலிவான பொருள் உப்பேதான். இங்கேதான் உமரியின் சிறப்பு வெளிப்படுகிறது. முதிர்ந்த தாவரச் செல்லின் கனஅளவில் பெரும்பகுதி, பலவற்றில் பத்தில் ஒன்பது பங்கு வரை, நுண்குமிழ் என்ற நீர்ப்பை நிறைத்திருக்கிறது. உள்ளே வந்த சோடியத்தை அந்த நுண்குமிழுக்குள் தள்ளி அடைத்தால் இரண்டு காரியம் ஒருங்கே நிறைவேறும்: சைட்டோபிளாசம் பிழைக்கும், அடைபட்ட உப்பே நீரை இழுத்துக்கொடுக்கும். உமரியின் சாறு நிறைந்த தடித்த இலை இந்த ஏற்பாட்டின் வெளித்தோற்றம். தள்ளும் வேலையைச் செய்வது என்எச்எக்ஸ் என்ற புரதம். அதற்கு வேண்டிய புரோட்டான் அழுத்தத்தை நுண்குமிழ்ச் சவ்வின் பம்புகள் தருகின்றன. சுவேடா சால்சா என்ற சீனத்து உமரி இனத்தை உப்பில் வளர்த்தபோது இந்தப் பம்பின் செயல்பாடு ஏறத்தாழ இரு மடங்கானது.

அடைத்தால் போதாது, கசியவும் கூடாது. நுண்குமிழ்ச் சவ்வில் இயல்பாகவே சில கால்வாய்ப் புரதங்கள் உண்டு. அவை திறந்திருந்தால் பாடுபட்டுத் தள்ளிய சோடியம் வந்த வழியே திரும்பிவிடும், பம்பு வீணாக ஓடிக்கொண்டிருக்கும். உப்பைத் தாங்கும் கினோவா என்ற பயிரின் இலைகளில் இந்தக் கால்வாய்கள் உப்புச் சூழலில் பெரும்பாலும் மூடியே இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். அடுத்து இன்னொரு சிக்கல்: நுண்குமிழ் உப்பால் நிறைந்தால், அதைச் சூழ்ந்த மெல்லிய சைட்டோபிளாசத்திலிருந்து நீர் அதற்குள் போய்விடும். அதை ஈடுகட்டப் புரதத்துக்குத் தீங்கு செய்யாத கரைபொருள் ஒன்று சைட்டோபிளாசத்தில் வேண்டும். உமரியும் வெண்கண்டலும் கிளைசின் பீட்டைன் என்ற பொருளை இதற்காகத் தயாரிக்கின்றன. வேறு செடிகள் புரோலினையோ மானிட்டாலையோ நம்புகின்றன. இவை புரதத்தின் பரப்பில் ஒட்டாமல் சற்று விலகியே நிற்பதால் புரதம் தன் மடிப்பு குலையாமல் இருக்கிறது. ஆக, உமரியின் புரதங்கள் உப்பின் நடுவே வாழ்ந்தாலும் உப்பில் வாழவில்லை.

இதுவரை சொன்னதற்கு வலுவான மறுப்பு ஒன்று நம் நாட்டிலிருந்தே வந்தது. கொல்கத்தாவின் போஸ் நிறுவனத்தில் அருண் லாஹிரி மஜும்தார் குழுவினர், வங்கக் கழிமுகச் சேற்றில் கடல் நீரில் வளரும் போர்ட்டரீசியா கோர்க்டேட்டா என்ற காட்டு நெல்லை ஆராய்ந்தார்கள். இனோசிட்டால் தயாரிப்பில் முதல் படியான ஒரு நொதியை அதிலிருந்து பிரித்து 2004-இல் வெளியிட்டார்கள். சாதாரண நெல்லின் அதே நொதி உப்பில் செயலிழக்க, காட்டு நெல்லின் நொதி சோதனைக் குழாயில் கடும் உப்பிலும் தொடர்ந்து இயங்கியது. காரணம் 37 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு. அதை வெட்டி நீக்கியதும் காட்டு நெல்லின் நொதியும் உப்பைத் தாங்காததாகிவிட்டது. அந்த மரபணுவைப் புகையிலையில் செலுத்தியபோது புகையிலை உப்பைக் கூடுதலாகத் தாங்கியது. அப்படியானால் புரதம் கெட்டிப்படுவதே வழி என்ற பழைய ஊகம் உயிர்பெறுகிறதா? இந்தச் சான்று உண்மையானது, மதிக்கத்தக்கது. 1972-இன் முடிவை எல்லா நொதிக்கும் பொருந்தும் விதியாக்க முடியாது என்று அது காட்டுகிறது. ஆனால் இந்த நொதி எந்த வேலையைச் செய்வது என்பதைப் பார்க்க வேண்டும். இனோசிட்டாலும் அதன் வழிவந்த பொருள்களும் உப்புக் காலத்தில் சைட்டோபிளாசத்தைக் காக்கும் கரைபொருள்கள். சோடியம் கொஞ்சம் உள்ளே நழுவிய நெருக்கடியிலும் நின்றுவிடக் கூடாத ஒரு வேலைக்கு உறுதியான நொதி அமைந்திருக்கிறது. அந்தக் காட்டு நெல்லும் தன் உப்பின் பெரும்பகுதியை இலைப் பரப்பின் நுண்மயிர்ச் சுரப்பிகள் வழியே வெளியேற்றித்தான் வாழ்கிறது. செல்சுவரைப் பற்றியும் இதே கேள்வி எழும்: சுவர் உப்பில் நேரடியாக நனைகிறதே, அங்கேயுள்ள நொதிகள்? அவை உப்பைத் தாங்குபவைதான். ஆனால் சாதாரணச் செடிகளின் செல்சுவர் நொதிகளும் அதேபோலத் தாங்குகின்றன. ஆகவே உமரிக்கும் பட்டாணிக்கும் உள்ள வேறுபாட்டை அது விளக்காது.

இன்னொரு வகை வாதமும் உண்டு. உப்பில் வளர்ந்த செடியின் புரதங்களை மொத்தமாகப் பிரித்துப் பார்த்தால் நூற்றுக்கணக்கானவை கூடியும் குறைந்தும் இருக்கின்றன. கூடியவை எல்லாம் செடியைக் காப்பவைதானே என்பது அந்த வாதம். இதில் எச்சரிக்கை வேண்டும். 1980-களில் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் புகையிலைச் செல்களைக் கடும் உப்புக்குப் பழக்கியபோது ஆஸ்மோட்டின் என்ற புரதம் மொத்தப் புரதத்தில் 12 சதவீதம் வரை பெருகியது. உப்பைத் தாங்கும் ரகசியமே இதுதானோ என்ற எதிர்பார்ப்பு எழுந்தது. பிறகு பார்த்தால் அது பூஞ்சைகளை எதிர்க்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. கினோவாவின் இலை மேல் உள்ள பளபளப்பான குமிழ்ச் செல்கள் உப்பைச் சேர்த்துவைக்கும் களஞ்சியம் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. அந்தக் குமிழே இல்லாத கினோவா வகையைச் சில ஆண்டுகளுக்கு முன் சோதித்தபோது அதுவும் உப்பை அதே அளவு தாங்கியது. ஒன்று கூடுகிறது என்பதும் ஒன்று கண்ணுக்குத் தெரிகிறது என்பதும் அது காரணம் என்பதற்கு ஆதாரம் ஆகா. அதை நீக்கிப் பார்க்க வேண்டும். எஸ்ஓஎஸ்1 அந்தச் சோதனையில் தேறியது. பலவும் தேறவில்லை, இன்னும் பல அந்தச் சோதனைக்கே வரவில்லை.

என் வாதத்தின் மையத்துக்கு மிக நெருக்கமான சான்று 2009-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், மார்க் டெஸ்டர் குழுவிலிருந்து வந்தது. வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறும் சைலம் குழாய்களைச் சூழ்ந்த செல்களில் எச்கேடி புரதம் இருந்தால், அது மேலேறும் நீரிலிருந்து சோடியத்தைப் பிடித்து வேரிலேயே நிறுத்திவிடும். அந்தக் குறிப்பிட்ட செல்களில் மட்டும் இந்தப் புரதத்தை மிகுதியாக உருவாகச் செய்தபோது இலைகளுக்குப் போகும் சோடியம் 37 முதல் 64 சதவீதம் வரை குறைந்தது. அதே புரதத்தைச் செடி முழுவதும், எல்லாச் செல்லிலும் உருவாகச் செய்தபோது இலையில் சோடியம் கூடியது, செடி நலிந்தது. புரதம் ஒன்றே, இடம் வேறு. ஒன்றில் நன்மை, மற்றொன்றில் தீமை. ஒரு மதகு வாய்க்காலின் தலைப்பில் இருந்தால் வயலைக் காக்கும். அதையே கரையெங்கும் பொருத்தினால் ஊரே வெள்ளத்தில் மூழ்கும்.

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் பரபரப்பான பழைய செய்திகளை மறுபடி படிக்க வேண்டும். 1999-இல் எதுவார்தோ புளூம்வால்டின் குழு, என்எச்எக்ஸ் புரதத்தை மிகுதியாக உருவாக்கும் அராபிடாப்சிஸ் லிட்டருக்கு 12 கிராம் உப்பிலும் வளர்ந்ததாக அறிவித்தது. 2001-இல் அதே முறையில் தக்காளி. உப்பு இலைகளில் தங்க, பழம் சுவை மாறாமல் காய்த்தது. உப்பு நிலப் பிரச்சினை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். அந்த ஆய்வுகளில் பிழையில்லை. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழியில் வந்த நெல்லோ தக்காளியோ உழவர் வயலில் பரவவில்லை. கண்ணாடிக் கூடத்தில் ஒரே அளவு உப்புநீர் ஊற்றிச் சில வாரம் பார்ப்பது வேறு. மழையும் வெயிலும் மாறி, மண்ணின் உப்பு ஏறி இறங்கி, கடைசியில் மூட்டை எத்தனை என்று கேட்கும் வயல் வேறு. மேலும் ஒவ்வொரு சோடியத்தையும் தள்ள ஏடிபி செலவாகிறது. பம்பு ஓடும் அளவுக்கு வளர்ச்சியும் மணியும் குறையும். உமரிக்கு அது பொருட்டல்ல. அது உயிர் பிழைத்து விதை சிந்தினால் போதும். உழவருக்கு அது போதாது.

வெற்றி பெற்ற முயற்சிகள் எவை என்று பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் ரானா மன்ஸ் குழுவினர், ஒரு பழங்காலக் கோதுமை உறவிலிருந்து எச்கேடி மரபணுவைச் சாதாரண இனக்கலப்பு முறையால் டூரம் கோதுமைக்குக் கொண்டுவந்தார்கள். உவர் வயலில் விளைச்சல் 25 சதவீதம் வரை கூடியதாக 2012-இல் அறிவித்தார்கள். மரபணு தன் இயல்பான கட்டுப்பாட்டோடு வந்ததால் புரதம் சரியான செல்லில், சரியான அளவில் உருவானது. நெல்லிலும் இதே கதை. 2005-இல் சீன ஆய்வாளர்கள் நெல்லின் உப்புத் தாங்கும் திறனுக்கான மரபணு ஒன்றைப் பிடித்தபோது அதுவும் எச்கேடி குடும்பத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. அது கிடைத்த இடம் வங்கத்து நாட்டு நெல்லான நோனா போக்ரா. உப்பைத் தாங்காத ஜப்பானிய நெல்லின் புரதத்துக்கும் அதற்கும் நான்கே அமினோ அமிலங்கள் வேறுபாடு. கேரளக் கழிமுக வயல்களின் பொக்காளி நெல்லிலிருந்து எடுத்த சால்டால் என்ற மரபுப் பகுதி இன்று பல நாடுகளின் நெல் ஆய்வில் பயன்படுகிறது. ஆய்வகம் தேடிக்கொண்டிருந்த புரதத்தைக் கரையோர உழவர்கள் விதையாகத் தலைமுறைகளாகக் காத்துவந்திருக்கிறார்கள்.

வெண்கண்டலிலும் அரிய மரபணுக்கள் உண்டு. சென்னையிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் அதிலிருந்து எடுத்த, நச்சு ஆக்சிஜனை முறிக்கும் ஒரு நொதியின் மரபணுவை நெல்லில் செலுத்தி, உப்பைத் தாங்கும் திறன் கூடியதை 2008-இல் வெளியிட்டார்கள். இத்தகைய ஆய்வு தொடர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒற்றைப் புரதத்தைச் சேர்த்து உமரியின் வாழ்க்கையை நெல்லுக்குக் கொடுத்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பை விட்டுவிட வேண்டும். பம்பு, வெளியேற்றி, கசியாத சவ்வு, பீட்டைன், சைலம் ஓரத்துக் காவல் எல்லாம் ஒரே சமயத்தில், தத்தம் செல்லில், வேண்டிய நேரத்தில் இருந்தால்தான் அது உமரி. நெல்லில் சாத்தியமானது அதைவிடச் சிறியது: இப்போதைய எல்லையிலிருந்து ஓரிரு படி மேலே போவது. அந்த ஓரிரு படியே லட்சக்கணக்கான ஏக்கருக்குப் பொருள் உள்ளதாகும். உலக நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகம், ஏறத்தாழ 138 கோடி ஹெக்டேர், உப்பால் பாதிக்கப்பட்டிருப்பதாக உணவு, வேளாண்மை அமைப்பு 2024-இல் கணக்கிட்டது. இந்தியாவில் இது சுமார் 67 லட்சம் ஹெக்டேர்.

தமிழகத்தில் பாதிக்கப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி உவர் அல்ல, களர் என்பதையும் மறக்கக் கூடாது. களரில் சோடியத்தோடு காரத்தன்மையும் சேர்ந்து மண்ணின் கட்டமைப்பே கெடுகிறது. அங்கே ஜிப்சமும் வடிகாலும் முதல் வேலை, விதை இரண்டாவது. எந்தப் புரதமும் வடிகாலுக்கு மாற்றாகாது. கரையோர உவர் நிலத்திலோ விதைக்கு முதலிடம் உண்டு. நாகப்பட்டினக் கரையோரத்தின் குழியடிச்சான், களர் நிலங்களில் விதைத்துவந்த களர்பாளை போன்ற நாட்டு நெல்களில் எந்தப் புரதம், எந்தச் செல்லில், எப்போது வேலை செய்கிறது என்பதை நோனா போக்ராவுக்குச் செய்த அதே ஆழத்தில் ஆராய வேண்டும். அதற்கு முதலில் அந்த விதை இருக்க வேண்டும். கரையோரத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் ஒரு மூலையிலாவது இவற்றை விதைத்து வையுங்கள்; விதை வைத்திருப்பவரை அறிந்தவர்கள் வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ அருகிலுள்ள ஆராய்ச்சி நிலையத்துக்கோ தகவல் சொல்லுங்கள். அடுத்த முறை உப்பைத் தாங்கும் புதிய மரபணு கிடைத்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அந்தப் புரதம் செடியின் எந்தச் செல்லில் உருவாகிறது? வயலில் எத்தனை பருவம் விளைச்சல் எடுத்துப் பார்த்தார்கள்?